மூன்றரை மணி நேரத் துக்கம்

ஒரு கவிதையைப் பற்றிச் சண்டை போட வேண்டியிருக்கிறது. எழுதியவர் என் நண்பர். இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடையே ஒரு கவிதை சரியில்லை என்று ஒருவன் சொன்னால், கவிதையை எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் இருவருக்கும் எந்த வருஷத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்று விசாரிப்பதுதான் வழக்கம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறது. போன வாரம்கூட என் வீட்டில் சாப்பிட்டார். இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்தவரும் அவர்தான். 'அச்சுக்குக் கொடும், நான் பதில் எழுதுகிறேன்' என்றார்.

கவிதை ஏழு பகுதிகள் கொண்டது. ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட 80-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2025 ஜனவரியில் ஒரு பத்திரிகையில் வந்தது. ஒருவன் தனியாகப் பனியில் நடந்து முகாமின் வாசலுக்கு வருகிறான். துருவேறிய இரும்பு எழுத்துகளை அண்ணாந்து பார்க்கிறான். உள்ளே போகிறான். இறந்தவர்கள் அவனோடு பேசுகிறார்கள். அவனுக்குத் தன் பெயர் மறந்துபோகிறது, ஊர் மறந்துபோகிறது. திரும்பும் வழி தெரியவில்லை. கடைசிப் பகுதியில் அவன் காலடிச் சுவடுகளைப் பனி மூடிவிடுகிறது. பலர் பாராட்டினார்கள். இரண்டு பேர் அழுததாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். நான் அழவில்லை. அந்த ஒருவனோடு நானும் இருந்தேன். எங்களோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

நடந்தது இதுதான். 2024 டிசம்பரில் நாங்கள் மூவர் சென்னையிலிருந்து லண்டன் போனோம். அங்கே இரண்டு நண்பர்கள். ஒருவர் மதுரைக்காரர், இன்னொருவர் யாழ்ப்பாணத்துக்காரர், 1986-இல் வந்து சேர்ந்தவர். பத்து நாள் அவர் வீட்டில் தங்கினோம். குளிர்காலத்து லண்டனில் வெளியே சுற்றுவது என்பது வெளிச்சத்தோடு போடும் பந்தயம். காலை எட்டு மணிக்கு விடியும், மாலை நாலு மணிக்கு இருட்டிவிடும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் பாதி கோட்டு மாட்டுவதிலும் கழற்றுவதிலும் போகும். தெருவில் விறைப்பு, கடைக்குள் வியர்வை. இந்த இரண்டு சீதோஷ்ணங்களுக்கும் நடுவில் கதவுக்குக் கதவு நின்று பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு நாங்கள் ஒரு மகாநகரத்தைப் பார்த்தோம். பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தோம். அவை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன, நாங்கள் முன்னால் இருந்தோம், சூடாக இருந்தது. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் மார்க்ஸைப் பார்க்கக் கட்டணம் கொடுத்துச் சீட்டு வாங்கினோம். கவிஞர் அங்கேயும் நோட்டை எடுத்தார். யாழ்ப்பாண நண்பர், 'உந்தாளுக்குக் குளிர் பட்டால் கவிதை வருது' என்றார். ஹைட் பார்க்கில் 2007-இலிருந்து குளிர்காலத்தில் ஒரு பெரிய பொருட்காட்சி போடுகிறார்கள். ராட்டினம், சறுக்குப் பனித்தளம், ஜெர்மன் மாதிரிக் கடைகள், பட்டை லவங்கம் போட்டுக் காய்ச்சிய திராட்சை மது. நம்ம தீவுத்திடல்தான். சந்தோஷமாக இருந்தோம். இந்த வாக்கியத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு யாரோ, 'நாலு நாள் எங்கேயாவது வெளிநாடு போய்வரலாமே' என்றார்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு இது அடுத்த தெருவுக்குப் போகிற காரியம். மலிவு விமானங்கள் வந்த பிறகு, வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை திரும்புகிற இந்தச் சின்ன விடுமுறை அங்கே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பிராக், புதாபெஸ்ட், கிராக்கோவ் என்று ஒரு பட்டியல் உண்டு. பழைய கட்டிடம், மலிவான சாராயம், கிறிஸ்துமஸ் சந்தை, பக்கத்தில் பார்க்க ஒரு கனமான இடம். கிராக்கோவில் அந்தக் கனமான இடம் ஆஷ்விட்ஸ். மேற்கே சுமார் எழுபது கிலோமீட்டர். தெருமுனைச் சுற்றுலாக் கடைகளில் ஆஷ்விட்ஸையும் வியலிச்கா உப்புச் சுரங்கத்தையும் ஒரே நாளில் காட்டுவதாகப் பலகை போட்டிருக்கிறார்கள். காலையில் ஆஷ்விட்ஸ், மாலையில் உப்பு. இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. உப்பு 1978, ஆஷ்விட்ஸ் 1979.

சென்னைக்காரர்கள் மூவரும் இந்த யோசனையை ஊரிலேயே செய்து, ஐரோப்பிய விசாவும் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். அதற்கு என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். வங்கிக் கணக்கு, ஓட்டல் முன்பதிவு, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பி வருகிற விமானச் சீட்டு. திரும்பிப் போவாய் என்று நிரூபித்தால்தான் உள்ளே விடுவார்கள். திரும்பும் வழி தெரியாமல் பனியில் நின்ற கவிஞருடைய சட்டைப்பையில், திங்கட்கிழமை மத்தியானம் திரும்புவதற்கான சீட்டு இருந்தது. இருக்கை எண் என் பக்கத்து எண்.

இது கேலி இல்லை. கேலியாகத் தோன்றுவது, அந்தச் சீட்டைக் கவிதை ஒளித்துவைத்ததால்தான். கவிதையில் அது இருந்திருந்தால் கேலிக்கு இடமே இல்லை. முப்பதாயிரம் யூரோவுக்கு உயிர் காப்பீடு செய்துகொண்டு, திரும்புகிற தேதியைக் குறித்துக்கொண்டு, திரும்பாதவர்களின் இடத்துக்குள் போகிற ஒரு மனிதன்: இதைவிடப் பயங்கரமான படிமம் ஏழு பகுதிகளில் எங்கேயாவது இருக்கிறதா? கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது. குனிந்து எடுக்கக் கூச்சப்பட்டார்.

பனிக்கு வருகிறேன். கவிதையில் பனி பதினோரு முறை வருகிறது. நாங்கள் இருந்த நாலு நாளும் அங்கே பனி பெய்யவில்லை. தூறல் இருந்தது, சேறு இருந்தது. பிர்கெனாவின் களிமண் தரை பூட்ஸை இழுத்துப் பிடித்துக்கொண்டது. கவிஞருக்கு அதில் ஒரு முறை கால் வழுக்கியது; நான்தான் பிடித்தேன். சேறு கவிதையில் இல்லை. பனி எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்து வந்தது. கிராக்கோவிலேயே எடுக்கப்பட்ட 1993-ஆம் வருஷத்து ஸ்பீல்பெர்க் படத்திலிருந்து வந்திருக்கலாம். மொழிபெயர்ப்புக் கவிதைகளிலிருந்து வந்திருக்கலாம். நம் புதுக்கவிதையில் நாற்பது ஐம்பது வருஷமாகவே இந்த இறக்குமதிப் பனி பெய்துகொண்டிருக்கிறது. துக்கம் என்றால் பனி, தனிமை என்றால் பனி. இதில் மொழியும் துணைபோகிறது. நம் பனி என்ன? மார்கழியிலும் தையிலும் முன்பனி, மாசியிலும் பங்குனியிலும் பின்பனி. விடியற்காலையில் கோலமிடுகிறவள் தலையில் துண்டு போட்டுக்கொள்கிற பனி. அந்தச் சொல்லை எடுத்து வானத்திலிருந்து கொட்டுகிற இன்னொரு பொருளுக்கு ஒட்டவைத்திருக்கிறோம். வாசகன் அந்தச் சொல்லில் தன் ஊர் ஈரத்தைக் கேட்கிறான், கவிஞன் போலந்தைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறான். இருவரும் சந்திப்பதே இல்லை, ஆனால் இருவருக்கும் ஏதோ நிகழ்ந்துவிட்டது போல இருக்கிறது. நாற்பது வருஷமாகக் குளிர்காலக் காலைகளில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிற யாழ்ப்பாண நண்பர் அதைப் பனி என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'ஸ்னோ' என்கிறார். அவருக்கு அது ஒரு பொருள். கவிஞருக்கு அது ஒரு பவுடர்.

அடுத்து இரும்பு எழுத்துகள். முகாம் வாசலில் உள்ள அந்த வாசகம் 2009 டிசம்பரில் திருடப்பட்டது. சில நாட்களில் கிடைத்தது, மூன்று துண்டுகளாக வெட்டப்பட்டு. இப்போது வாசலில் இருப்பது நகல். அசலைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எண்பது வருஷத் துருவைக் கண்டு கவிதை நடுங்குகிறது. இரண்டாம் பகுதியில் ஒரு புகைபோக்கி வருகிறது; சாம்பலின் மௌன சாட்சி என்ற மாதிரி ஏதோ சொல்லப்படுகிறது. முதல் முகாமில் நாங்கள் பார்த்த புகைபோக்கி யுத்தத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியது. பிர்கெனாவில் இருந்த பெரிய தகனக்கூடங்களில் ஒன்று 1944 அக்டோபரில் கைதிகளின் கலகத்தில் எரிந்தது. மற்றவற்றை 1945 ஜனவரியில் நாஜிகளே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். இன்று அங்கே இருப்பவை இடிந்து விழுந்த கான்கிரீட் குவியல்கள். வழிகாட்டிப் பெண்மணி இதையெல்லாம் தெளிவாகச் சொன்னாள். எது அசல், எது பழுதுபார்த்தது, எது நகல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த இடத்தில் அந்த நேர்மைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஒரு செங்கல்லைப் பற்றி மிகையாகச் சொன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் பொய் என்பார்கள். அதனால் அந்த மியூசியம் செங்கல்லுக்குச் செங்கல் துல்லியமாக இருக்கிறது. கவிஞனுக்கு மட்டும் அந்தக் கடமை கிடையாதா? உணர்ச்சி நிஜமாக இருந்தால் போதும், செங்கல் எப்படி இருந்தால் என்ன என்கிற சௌகரியத்தை அவனுக்கு யார் கொடுத்தது?

வழிகாட்டியின் குரல் எங்களுக்கு எப்படிக் கேட்டது என்றும் சொல்லவேண்டும். காதில் மாட்டும் கருவி வழியாகக் கேட்டது. ஒரு குழுவில் முப்பது பேர்வரை. மூன்றரை மணி நேரம். எங்களுக்கு முன்னால் ஒரு குழு, பின்னால் ஒரு குழு, வேறு வேறு மொழிகள். 2019-இல் ஒரே வருஷத்தில் அங்கே 23 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம், அதில் ஏறக்குறைய 10 லட்சம் யூதர்கள். ஆக, ஒரு வருஷத்துப் பார்வையாளர் கணக்கு இறந்தவர்களின் கணக்கைப் போல இரண்டு மடங்கு. இந்த நெரிசலில், கழுத்தில் ஒரு குட்டி ரேடியோ தொங்க, வரிசையில் நகர்ந்துகொண்டு, முன்னால் போகிறவரின் முதுகுப் பையைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் ஆஷ்விட்ஸைப் பார்த்தோம். கவிதையில் ஒருவன் தனியாக நடக்கிறான்.

என் சண்டை இந்த ஒருவனோடுதான். இவன் என் நண்பரின் கண்டுபிடிப்பு அல்ல. நம் எல்லோருடைய கவிதைகளிலும் குடியிருக்கிறவன். புதுக்கவிதை யாப்பை உதறியபோது கூட்டத்தையும் உதறியது. அதற்கு அன்றைக்கு நியாயம் இருந்தது. மேடைக் கவிதை 'நாம்' 'நாம்' என்று முழங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவன் தயங்கித் தயங்கி 'நான்' என்று சொன்னது பெரிய காரியம். அந்த நான் சங்கடப்பட்டான், பொய் சொன்னான், வாடகை கொடுக்க முடியாமல் ஒளிந்தான். காலப்போக்கில் அவனுடைய சங்கடங்களெல்லாம் உதிர்ந்துவிட்டன. இப்போது மிஞ்சியிருப்பவன் ஒரு வெற்றுப் பார்வையாளன்; பசி கிடையாது, பணம் கிடையாது, நண்பர்கள் கிடையாது, மூத்திரம் வராது. கடற்கரையில் நிற்பான், கோயில் பிராகாரத்தில் நிற்பான், டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போலந்திலும் நிற்பான். எங்கே நின்றாலும் உலகம் அவனுக்காகக் காலிசெய்யப்பட்டிருக்கும். ஆஷ்விட்ஸைக் காலிசெய்து ஒருவன் நடப்பதற்கு வசதி பண்ணித் தருவது வேறு யாருடைய பழக்கத்தை நினைவூட்டுகிறது என்று நான் எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது அநியாயம். ஆனால் அடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அங்கே போய்விட்டு வருகிறவன் எழுதவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஷ்விட்ஸ் என்றதும் அடோர்னோவை வாசலில் காவலுக்கு நிறுத்துகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அவர் 1949-இல் எழுதிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் யாரும் இந்த விஷயத்துக்குள் நுழைவதில்லை. நான் அந்த வழியாக வரவில்லை. போலந்துக் கவிஞர் ததேயுஷ் ரூஷெவிச் 1948-இல் அதே மியூசியத்துக்குப் போனார். அப்போது மியூசியம் திறந்து ஒரு வருஷம். அவரும் கைதியாக இருந்தவர் அல்ல, பார்வையாளர்தான். ஆனால் யுத்தத்தில் தலைமறைவாகப் போராடியவர், அண்ணனை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். பெண்களின் தலைமயிர் குவிந்திருக்கும் கூடத்தைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கவிதை எழுதினார். ஒரு சிறுமியின் பின்னலைப் பற்றியது. அதில் 'நான்' என்று ஓர் ஆள் கிடையாது. பேய்கள் வந்து அவரிடம் பேசவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது: கண்ணாடி. மயிர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அவர் சொல்கிறார், அந்தக் கண்ணாடி சுத்தமாக இருக்கிறது என்பதைக்கூடச் சொல்கிறார். தான் ஒரு மியூசியத்தில் நிற்கிறோம் என்பதை அவர் கவிதையிலிருந்து அப்புறப்படுத்தவில்லை. கவிதைக்கு அடியில் இடத்தையும் வருஷத்தையும் போட்டிருக்கிறார். அண்ணனைப் பறிகொடுத்தவருக்கே அந்தக் கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது. நமக்குத் தேவைப்படவில்லை.

நாங்களும் அந்தக் கூடத்தில் நின்றோம். அங்கே படம் எடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. சுமார் இரண்டு டன் மயிர் என்று காதில் குரல் சொன்னது. நான் என்ன உணர்ந்தேன் என்று கேட்டால், உண்மையாகவே, முதலில் எதுவும் உணரவில்லை. ஏன் உணரவில்லை என்று பயந்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் முகங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன், அவர்களுக்காவது ஏதாவது நடக்கிறதா என்று. ஓர் இளைஞன் கொட்டாவியை அடக்கினான். கவிஞர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த குழு வந்துவிட்டதால் நகரச் சொன்னார்கள். அந்தக் கூடத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு யாராவது எழுதினால் படிக்கத் தயாராக இருக்கிறேன்.

நாலு நாள் பயணத்தில் ஆஷ்விட்ஸ் ஒரு பகல். மற்ற மூன்றில் என்ன செய்தோம்? சாப்பிட்டோம். ரை மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சி முட்டை போட்டுத் தருகிற ஒரு சூப் இருக்கிறது. அதை முதல் வாய் குடித்துவிட்டு மதுரைக்காரர், 'இது நம்ம கூழுடா' என்று ஸ்பூனைக் கீழே போட்டார். அந்தப் புளிப்பு நிஜமாகவே கூழின் புளிப்புத்தான். பெரிய சதுக்கத்தில் மணிக்கொரு தரம் மாதாகோயில் கோபுரத்திலிருந்து ஒருவன் நாலு திசையிலும் எக்காளம் ஊதுகிறான். ராகம் பாதியில் சட்டென்று நின்றுவிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாத்தாரியர் அம்பு காவல்காரனின் தொண்டையில் பாய்ந்ததாக ஐதிகம். அந்த ஐதிகத்தை உலகெங்கும் கொண்டுபோனது 1928-இல் எரிக் கெல்லி என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு சிறுவர் நாவல். (இந்த எக்காளமும் கவிதையில் இருக்கிறது. மூன்றாம் பகுதி. அம்பு கவிஞரின் தொண்டையிலேயே பாய்கிறது.) கஷிமியெஷ் என்ற பழைய யூதப் பேட்டையில் நோவி சதுக்கத்தின் நடுவே ஒரு வட்டக் கட்டிடம் இருக்கிறது. யுத்தத்துக்கு முன்னால் அங்கே யூத முறைப்படி கோழி அறுத்தார்கள். இப்போது சுற்றிலும் ஜன்னல்கள். ஜன்னலுக்கு ஜன்னல் நீளமான ரொட்டியைப் பிளந்து காளானும் சீஸும் வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். இரவு பத்து மணிக்கு நாங்கள் அங்கே குளிரில் குதித்துக்கொண்டு அதைத் தின்றோம். யுத்தத்துக்கு முன் கிராக்கோவில் அறுபதினாயிரத்துக்கு மேல் யூதர்கள் இருந்தார்கள், ஊரில் நாலில் ஒரு பங்கு. அவர்களுடைய கோழிக்கடையில் நாங்கள் சீஸ் ரொட்டி தின்றோம். நன்றாக இருந்தது. இரண்டாவது ஒன்று வாங்கிப் பாதி பாதி பிய்த்துக்கொண்டோம். கவிஞருக்கு மேல்சட்டையெல்லாம் சாஸ்.

இந்த ரொட்டி எங்கே போயிற்று? கவிதையில் அவன் ஏழு பகுதியும் பட்டினி கிடக்கிறான்.

சந்தோஷமாக இருந்தது குற்றமா? இதுதான் கேள்வி என்று நினைக்கிறேன். நண்பர்களோடு நாலு நாள் ஊர் சுற்றுவது நல்ல காரியம். வாழ்க்கையில் அது அதிகம் கிடைப்பதில்லை. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் அறுபதைத் தாண்டியவர்கள், இன்னொரு தடவை கிடைக்குமா என்று தெரியாது. அந்தச் சந்தோஷத்தைக் கவிஞர் ஏதோ கள்ளக்கடத்தல் சரக்குபோல எல்லையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது கீழானது, துக்கம்தான் மேலானது, இலக்கியத்துக்குத் துக்கம்தான் லாயக்கு என்கிற எண்ணம் எங்கேயோ ஆழமாக இருக்கிறது. ஜனரஞ்சகப் பத்திரிகையில் பயணத் தொடர் எழுதியவர்களை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். அங்கே இட்லி கிடைத்ததா, ஓட்டலில் வெந்நீர் வந்ததா என்று எழுதினார்கள் என்று சிரித்தோம். சிரித்ததில் தப்பில்லை, அசடுகள் நிறைய இருந்தன. ஆனால் அந்த வெந்நீர் நிஜமாக வந்த வெந்நீர். நம்முடைய பனி பெய்யவேயில்லை.

நம்மிலேயே வேறு விதமாகச் செய்தவர்கள் இல்லையா? ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். 1940-இல் அந்தப் படத்தை வெளியிட்டார். அவருடைய பயண எழுத்தில் கப்பலும் ரயிலும் சக பிரயாணிகளும் இருப்பார்கள், தன்னை மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அசோகமித்திரன் 1973-இல் அயோவாவுக்குப் போய் ஒரு முழுக் குளிர்காலம் அங்கே இருந்தார். அதிலிருந்து வந்த 'ஒற்றன்!' புத்தகத்தில் நாடு நாடாக வந்த எழுத்தாளர்கள் அத்தனை பேரும் தங்கள் கிறுக்குகளோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் இவர் ஒரு சாதாரண, கொஞ்சம் அசௌகரியப்பட்ட ஆள். குளிர் அங்கே குறியீடாக நிற்பதில்லை, உடம்பில் உறைக்கிறது. இரண்டு பேரையும் நம் கவிஞர் நன்றாகப் படித்தவர். மேடையில் பேசியும் இருக்கிறார். எழுத உட்காரும்போது மட்டும் வேறு யாரோ வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சுலபமான வாதம் இருக்கிறது. அதை நான் எடுக்கப்போவதில்லை என்பதற்காகவே சொல்கிறேன். ஆஷ்விட்ஸுக்குப் போய்க் கண்ணீர் விடுகிறவன் கீழவெண்மணிக்குப் போயிருக்கிறானா என்று கேட்கலாம். 1968 டிசம்பர் 25, ஒரு குடிசைக்குள் 44 பேர். அதுவும் ஒரு குளிர்கால இரவுதான், தஞ்சாவூர் பஸ்ஸில் போய் வந்துவிடலாம், விசா வேண்டாம். கூட்டங்களில் இப்படிக் கேட்டால் கைதட்டல் விழும். நான் கேட்கமாட்டேன். ஒரு சாவை இன்னொரு சாவால் அடிக்கிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. தவிரவும் என் நண்பர் கீழவெண்மணிக்குப் போனாலும் இதே கவிதையைத்தான் எழுதியிருப்பார். தனியாக நடந்திருப்பார். பனி பெய்திருக்கும், இந்தத் தடவை நம் ஊர்ப் பனி.

அவர் என்ன பதில் சொல்வார் என்பது ஓரளவு தெரியும். கவிதை டைரி அல்ல, நடந்ததற்கு வாக்குமூலம் அல்ல, கற்பனைக்கு விசா கேட்காதே என்பார். சரி. ஐந்து பேரை ஒருவனாக்கக் கவிஞனுக்கு உரிமை உண்டு. தூறலைப் பனியாக்கவும் உண்டு. அந்த மாற்றத்தால் எதையோ நாம் கூடுதலாகப் பார்க்க முடிந்ததா என்று கேட்க எனக்கும் உரிமை உண்டு. இங்கே நடந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரே திசையில் நடந்திருக்கிறது: கவிஞனை உயர்த்துகிற திசையில். தனியாக இருந்தால் கம்பீரம், பனி பெய்தால் அழகு, பட்டினி கிடந்தால் பரிசுத்தம், வழி தவறினால் ஆழம். தன்னைக் கொஞ்சம் கேவலமாகக் காட்டுகிற ஒரு மாற்றமாவது இருந்தால் கற்பனை என்று ஒப்புக்கொள்வேன்.

ஐவரில் ஒருவரைப் பற்றி இன்னும் சரியாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாண நண்பர் முகாமுக்குள் வரவில்லை. ஐந்து சீட்டு வாங்கியிருந்தோம், பஸ்ஸிலும் கூடவே வந்தார். வாசலில் சோதனைக்காக வரிசை நின்றபோது, 'நான் வெளியில நிக்கிறன், நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ' என்றார். உடம்புக்கு என்ன என்று கேட்டோம். 'ஒண்டுமில்லை. கோப்பி குடிக்கப் போறன்' என்றார். மூன்றரை மணி நேரம் கழித்து நாங்கள் சேற்றோடு திரும்பியபோது கார்கள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு காகிதப் பை. எள் தூவிய வளைய ரொட்டிகள், ஐந்து. ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பஸ் கிளம்பும்வரை ரொட்டியை மென்றுகொண்டு நின்றோம்.

ஏன் உள்ளே வரவில்லை என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தோன்றுகிற காரணங்களை எழுதவும் மாட்டேன். எழுதினால் நானும் ஏழு பகுதி எழுத ஆரம்பித்துவிடுவேன். ஆனால் அந்த நாலு நாளில் ஆஷ்விட்ஸைப் பொறுத்து எங்களுக்குள் நடந்த முக்கியமான விஷயம் அந்த மனிதர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவிஞரும் அதைப் பார்த்தார். அவர் கையிலும் ஒரு ரொட்டி இருந்தது. கவிதையில் அவரை எடுத்துவிட்டார், பெஞ்சை எடுத்துவிட்டார். எடுத்துவிட்ட இடத்தில் இறந்தவர்களைக் கொண்டுவந்து பேசவைத்திருக்கிறார். பேசாத மனிதரைவிட அவர்கள் எளிது போலிருக்கிறது. சொன்னபடி பேசுகிறார்கள்.

அந்தப் பயணத்தின் செலவுகளையெல்லாம் யாழ்ப்பாண நண்பர்தான் ஒரு தாளில் குறித்துவைத்தார். லண்டன் திரும்பிய இரவு ஐந்தால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று காட்டினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. டிராம், ஆறு ஸ்லோட்டி, ஐந்து பேர். சூப், ஐந்து. சுட்ட ரொட்டி, ஏழு. இரண்டு அதிகம், பங்கிட்டது. சூடான திராட்சை மது, நாலு, அவர் குடிக்கமாட்டார். கையுறை ஒரு ஜோடி, கவிஞருக்கு, சந்தையில் தொலைத்ததற்குப் பதிலாக. பஸ்ஸும் வழிகாட்டியும் முகாமுக்கு, நாலு பேர் என்று எழுதி, பிறகு நாலை அடித்து ஐந்து என்று போட்டிருக்கிறார். சீட்டு வாங்கியாகிவிட்டதே, பணம் திரும்பி வராது. வளைய ரொட்டிக்குக் கணக்கு எழுதவில்லை.